சீனக் கடற்கரையில் திருக்கதலீச்சுரம்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய திருப்புலி நாட்டில் நானும் என் துணைவியாரும் தங்கிவிட்டோம். வங்கிப் பணியின் கடைசி ஆண்டுகளை மலைமேல் கழித்தேன். மிளகுக்கும் காப்பிக்கும் கடன் கொடுத்தும் வசூலித்தும் பழகிய இடத்தை விட்டு, ஓய்வு பெற்றபின் எழுபது கொண்டைஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்க மனம் வரவில்லை. திங்கட்கிழமைகளில் வளப்பூர் நாட்டில் எழுந்தருளியிருக்கும் அறப்பளீஸ்வரரைத் தரிசிப்பது எங்கள் வழக்கம். நிலத்தை உழுத ஒருவரின் கலப்பை பட்டுக் குருதி பெருகியதால் வெளிப்பட்ட பெருமான் அவர். திருமேனியில் அந்தத் தழும்பு இன்றும் உண்டு என்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில், அன்று காலை படித்த ஒரு செய்தியைத் துணைவியாரிடம் சொன்னேன். சீன தேசத்தில், ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் தமிழர்கள் ஒரு சிவாலயம் கட்டி, தமிழிலேயே கல்வெட்டும் பொறித்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தச் செய்தி. அவர் வியப்படைவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சற்று நேரம் பேசாமல் வந்துவிட்டு, "இப்போது அங்கே விளக்கு எரிகிறதா?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. கல்வெட்டின் ஆண்டு தெரியும், அரசனின் பெயர் தெரியும், கண்டெடுத்த காலம் தெரியும். விளக்கைப் பற்றி நான் படித்த கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

இந்தக் கேள்விதான் எங்களைச் சீனாவுக்கு அழைத்துச் சென்றது. மாப்பிள்ளைக்கு ஷாங்காயில் வேலை. "வாருங்கள், வாருங்கள்" என்று மகள் மூன்று ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மாதத்தில் குளிர் கடுமையாக இராது என்றாள். அறப்பளீஸ்வரர் கோயில் திருநீற்றை ஒரு சிறு பொட்டலமாக மடித்துத் துணைவியார் கைப்பையில் வைத்துக்கொண்டார். வில்வமும் எடுத்துச் செல்ல ஆசைதான். செடிகொடிகளின் இலைகளை எல்லை கடந்து கொண்டுவர விடமாட்டார்கள் என்று மகள் தொலைபேசியில் தடுத்துவிட்டாள்.

ஷாங்காயில் இறங்கியவர்கள் முதலில் காண்பவை சூச்சோ நகரத்துத் தோட்டங்களும் அதையடுத்த நீர்க்கரை ஊர்களும்தான். நாங்களும் அவ்வாறே சென்றோம். சூச்சோவில் பெரிய தோட்டம் ஒன்றை, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் சியென்சென் என்ற அரசு அலுவலர் பதவியை விட்டு வந்து அமைத்தார். காய்கறி பயிரிட்டு வாழ்வதே எளியவனின் ஆட்சி என்ற பொருள்பட அதற்குப் பெயரும் வைத்தார். ஓய்வு பெற்ற அலுவலனாகிய எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. எங்கு பார்த்தாலும் நீர்தான். நீரின் மேல் மண்டபங்கள், மண்டபங்களுக்கு இடையே வளைந்து செல்லும் கூரைபோட்ட நடைபாதைகள். ஒரு திருப்பத்தில் மறைந்த குளம் அடுத்த திருப்பத்தில் வேறொரு சாளரத்தின் வழியே முகம் காட்டும். அவருக்குப் பின் மகன் இந்தத் தோட்டத்தை ஒரே இரவில் சூதாட்டத்தில் தோற்றான் என்று சொல்கிறார்கள். சொத்து எவ்வளவு அழகானதாயினும் வாரிசைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும் என்று என் பழைய புத்தி எனக்குள் சொல்லிக்கொண்டது.

நீர்க்கரை ஊர்களுள் சோசுவாங் மிகப் புகழ்பெற்றது. தெருவுக்குப் பதில் கால்வாய். வீட்டு வாசற்படி இறங்கினால் தண்ணீர். துணைவியார் படகில் அமர்ந்து, துணி துவைக்கும் படித்துறைகளைப் பார்த்தவண்ணம் மகிழ்ச்சியாக வந்தார். ஆனால் கூட்டமும் கடைகளும் மிகுதி. காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. அதற்குமேல் அங்கே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஹாங்சோ நகரத்து லிங்யின் கோயில் அவ்வாறன்று. இது பௌத்த மடாலயம். 4ஆம் நூற்றாண்டில் பாரத நாட்டிலிருந்து சென்ற ஹுய்லி என்ற துறவி நிறுவியது என்பது அதன் தல வரலாறு. அவர் அங்கிருந்த குன்றைக் கண்டதும், "இது எங்கள் நாட்டுக் குன்றாயிற்றே, எப்போது இங்கே பறந்து வந்தது?" என்று வியந்தாராம். அன்றுமுதல் அதற்குப் 'பறந்து வந்த சிகரம்' என்றே பெயர். பாறை முழுவதும் குடைந்து செதுக்கிய திருவுருவங்கள். சஞ்சீவி மலையிலிருந்து சிந்திய துண்டு என்று நம் ஊரில் எத்தனை மலைகளைச் சொல்கிறோம்! கடல் கடந்து போன துறவிக்குத் தம் நாட்டு மலையும் தம்முடன் வந்துவிட்டதாகத் தோன்றியதில் என்ன வியப்பு? துணைவியார் அந்தக் குன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அங்கிருந்து தெற்கே, ஃபூஜியான் மாநிலத்துக் கடற்கரையில் இருக்கிறது குவான்சோ. ஓர் எச்சரிக்கை: குவாங்சோ என்பது வேறு ஊர், மிகப் பெரிய வணிக நகரம். நாங்கள் சென்றது குவான்சோ. ஓர் எழுத்து மாறினால் காசோலையும் திரும்பிவிடும், பயணமும் திசைமாறிவிடும். பயணச்சீட்டு வாங்கும்போது இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைத்தூன் என்று அரேபியர் அழைத்த துறைமுகம் இதுதான். 13ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த மார்க்கோ போலோ, மேலை நாடுகளுக்காக அலெக்சாந்திரியாவுக்கு மிளகு ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்று என்றால் சைத்தூனுக்கு வருபவை நூறு என்று எழுதிவைத்தார். மிளகுக்கொடி படர்ந்த மலையில் வாழ்பவனுக்கு அந்தக் கணக்கைப் படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. 1974ஆம் ஆண்டில் குவான்சோ விரிகுடாவின் சேற்றிலிருந்து சோங் அரசர் காலத்துக் கப்பல் ஒன்றை அகழ்ந்தெடுத்தார்கள். அதன் சரக்கில் நறுமணக் கட்டைகளும் சாம்பிராணியும் மிளகும் இருந்தன. பூசைக்குரிய பொருள்களும் சமையலுக்குரிய பொருளும் ஒரே கப்பலில்!

தமிழர்கள் அங்கே திடீரென்று போய் இறங்கிவிடவில்லை. சோழ மன்னர்களின் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றதைச் சீனர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். சுமத்ராவில் பாரூஸ் அருகே ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அலைகடலில் உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்கள், சென்ற இடமெல்லாம் இறைவனுக்கு ஓர் இருப்பிடம் அமைத்தார்கள். மூன்று மாதம் கடலில் இருந்துவிட்டுக் கரையேறுகிறவனுக்கு முதலில் எது வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குவான்சோவில் 1956ஆம் ஆண்டில் கிடைத்த கல்லில் தமிழ் எழுத்துகள் இருந்தன. கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. சகாப்தம் 1203, அதாவது கிறிஸ்து ஆண்டு 1281. சித்திரை மாதம், சித்திரை நட்சத்திர நாள். தவச்சக்கரவர்த்திகள் என்று மறுபெயர் கொண்ட சம்பந்தப்பெருமாள் என்பவர், சீனப் பேரரசராகிய கானின் ஆணையைப் பெற்று, அவருடைய திருமேனி நலத்திற்காகத் திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. அந்தக் கான், குப்ளாய் கான். கதலி என்றால் வாழை. பெருமானின் பெயரிலேயே வாழைத்தோட்டம் மணக்கிறது. ஒரு மங்கோலியப் பேரரசரின் உடல்நலத்திற்காக ஒரு தமிழர் சீன மண்ணில் சிவபெருமானை வேண்டிக்கொண்டிருக்கிறார். தன் நலம், தன் வணிக லாபம் என்று கல்லில் எழுதவில்லை.

அந்தக் கோயில் இன்று இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சென்று ஏமாற வேண்டாம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த நகரத்தில் மூண்ட கலகம் ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது. அதன்பின் ஆட்சிக்கு வந்த மிங் அரசர்கள் கடல் வணிகத்தை ஒடுக்கினார்கள். வெளிநாட்டவர் கலைந்தனர். கோயிலின் கற்கள் நகர மதிலுக்கும் வேறு கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர், கல்லுடைப்பவர் கைக்கு அவை போய்விடாமல் தேடித்தேடிச் சேர்த்துத் தம் வீட்டில் காத்து, 1957ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி நூலும் வெளியிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. சிவபெருமானையும் தெரிந்திருக்க நியாயமில்லை. கல்லில் யாரோ பக்தியோடு உழைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது.

அந்தக் கற்களுள் பலவற்றை இப்போது குவான்சோ கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் காணலாம். முதல் நாள் காலையில் அங்கேதான் சென்றோம். நான்கு திருக்கரங்களுடன் நிற்கும் திருமால், நரசிங்கம், பூவேலை செய்த தூண் துண்டுகள், யாளிகள். எல்லாம் கரும்பச்சைச் சாயல் கொண்ட அந்த ஊர்க் கல். செதுக்கிய உளி சீனருடையதாக இருக்கலாம்; மனத்தில் இருந்த கோயில் சோழநாட்டுக் கோயில். ஒரு பலகைக் கல்லில் யானை ஒன்று துதிக்கையில் மலரேந்திச் சிவலிங்கத்தை வழிபடுகிறது. இன்னொன்றில் பசு லிங்கத்தின்மேல் பால் சொரிகிறது.

யானையைக் கண்டதும் துணைவியார், "திருவானைக்கா!" என்று உரக்கவே சொல்லிவிட்டார். எங்கள் திருமணம் முடிந்து முதலில் சென்ற தலம் அது. வெண்ணாவல் மரத்தடியில் யானை நீராட்டி மலர் சூட்டிய கதையை, காவிரிக்கரையிலிருந்து புறப்பட்ட யாரோ ஒருவர் இத்தனை தொலைவு நெஞ்சில் சுமந்து வந்திருக்கிறார். சீனத் தச்சரை அருகில் அமர்த்தி, யானை இப்படி நிற்க வேண்டும், துதிக்கை இப்படி வளைய வேண்டும் என்று கையால் காட்டியிருப்பார். அந்தக் காட்சி என் கண்முன் வந்தது.

அப்போதுதான் துணைவியார் காலணிகளைக் கழற்றினார்.

பளிங்குத் தரை. மின்விளக்கின் வெளிச்சம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தார்கள். அவர் காலணிகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, அந்தக் கல்லின் முன் கைகூப்பி நின்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. யாரேனும் பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். காவலர் ஒருவர் வந்து காலணிகளைக் காட்டி ஏதோ கேட்டார். மகள் பணிவாகச் சில சொற்கள் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு அப்பால் நகர்ந்து, நாங்கள் புறப்படும்வரை அந்தப் பக்கம் வரவில்லை. என்ன சொன்னாய் என்று மகளைக் கேட்டேன். "இது எங்கள் ஊர்க் கோயில் என்றேன், அப்பா. வேறு என்ன சொல்வது?" என்றாள்.

நானும் என் காலணிகளைக் கழற்றினேன்.

திருநீற்றுப் பொட்டலம் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. காட்சிப்பொருளைத் தொடக்கூடாது. அது அவர்களுடைய நெறி, அதை மதிக்க வேண்டும். தொட்டுத் தொட்டு நம் ஊர்ச் சிற்பங்களை நாம் எண்ணெய்ப் பிசுக்காக்கி வைத்திருப்பதையும் மறக்கலாகாது. ஆயினும் வெளியே வந்தபின் துணைவியார், "விளக்கு இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை கையுவான் கோயில். குவான்சோவின் பெருங்கோயில் இதுவே. 686ஆம் ஆண்டில் அமைந்தது. முன்பு அது ஒரு முசுக்கட்டைத் தோட்டமாம். நிலத்துக்கு உரியவரிடம் துறவி ஒருவர் கோயிலுக்காக அதைக் கேட்டபோது, மரத்தில் தாமரை பூத்தால் தருகிறேன் என்றாராம், பூத்ததாம். அந்தப் பழைய முசுக்கட்டை மரத்தை இன்றும் வேலியிட்டுக் காக்கிறார்கள். நம் தல விருட்சங்களைப் போன்றே அதற்கும் மரியாதை. இருபுறமும் எண்கோண வடிவில் ஐந்து நிலைக் கற்கோபுரங்கள் இரண்டு. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இவை, 1604ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்கும் அசையவில்லை. மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய வானர வீரர் ஒருவரின் சிற்பம் உண்டு. நம் ஆஞ்சநேயர்தான் அங்கே அந்த உருவில் இருக்கிறார் என்று சொல்கிறவர்கள் உளர். நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பெரிய மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்துக்குக் கட்டாயம் செல்ல வேண்டும். பெரும்பாலானோர் முன்பக்கம் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பின்புறத்தில் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. வட்டப் பதக்கங்களுக்குள் இரணியனைக் கிழிக்கும் நரசிங்கம், மருதமரங்களை முறித்த கண்ணன், ஆயர்பாடிப் பெண்களின் ஆடை கவர்ந்த கண்ணன், யானைக்கு அருளிய திருமால். மேடையின் அடிவரிசையில் மனித முகச் சிங்கங்களும் சிங்கங்களுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிற்பப் பலகைகள். மிங் அரசர் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இடிந்த கோயிலின் கற்களைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். எடுத்துப் போய்க் கழிவுநீர்க் கால்வாய்க்கு மூடியாக்கவில்லை. புத்தர் பெருமான் எழுந்தருளிய மண்டபத்தையே நம் தூண்கள் தாங்கி நிற்கின்றன.

துணைவியார் தூணைச் சுற்றிவந்தார். முன்பக்கத்து ஊதுவத்திப் புகை காற்றில் மிதந்து பின்பக்கமும் வந்தது. "கொஞ்சம் வருகிறது" என்றார்.

மறுநாள் காலை தியென்ஹோ கோயிலுக்குச் சென்றோம். கடலோடிகளைக் காக்கும் மாட்சு அன்னையின் கோயில்; 1196ஆம் ஆண்டில் தோன்றியது. இங்கே தெரிந்துகொண்ட ஒரு செய்தி, பின்னால் எனக்குப் பயன்பட்டது. அந்தப் பகுதி மக்கள் கடல் கடந்து தைவானுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, தாய்க்கோயிலின் தூபக்கலசத்திலிருந்து சாம்பலைக் கொஞ்சம் எடுத்துச் செல்வார்களாம். போன இடத்தில் அதைக் கலசத்தில் இட்டுப் புதுக்கோயிலைத் தொடங்குவார்கள். தாய்க்கோயிலின் அருள் அந்தச் சாம்பலோடு வருகிறது என்பது நம்பிக்கை. நம் ஊரில் பிடிமண் எடுத்துச் சென்று குலதெய்வத்துக்குக் கோயில் எழுப்புவதை நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் நகரத்துக்கு வெளியே செதியான் என்ற சிற்றூருக்கு ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சென்றோம். பயண நிறுவனங்களின் பட்டியலில் இந்த ஊர் இராது. குறுகிய சந்துகள், பழைய கல்வீடுகள். ஊர்க்காரர்களை இருமுறை வழி கேட்ட பிறகு ஒரு சிறு கோயிலின் முன் வந்து நின்றோம். உள்ளே கல்லில் புடைப்பாகச் செதுக்கிய திருவுருவம். நான்கு கரங்கள். மடித்து அமர்ந்த கோலம். இருபுறமும் பணியாளர், திருவடியில் ஓர் அசுரன். முகத்தில் புன்னகை. அந்த ஊர் மக்களுக்கு அவள் குவான்யின். கருணையே வடிவான பௌத்த அன்னை. சீனா முழுவதும் வணங்கும் குவான்யினுக்கு இந்த உருவம் இல்லை. அசுரனைத் திருவடியில் கொண்ட நான்கு கரத்து அம்மையை எங்கே பார்த்திருக்கிறோம் என்று உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? எங்களுக்கோ கொல்லிமலையின் எட்டுக்கை அம்மன் நினைவுக்கு வந்தாள். சிரித்தே அரக்கரை அழித்த கொல்லிப்பாவை அவளே என்பது எங்கள் மலையின் நம்பிக்கை.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோயில் இடிந்து விழுந்ததாம். ஊரார் இடிபாடுகளைத் தோண்டித் திருவுருவத்தை மீட்டு மீண்டும் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். அவளை விட்டால் ஊருக்கு நன்மை இல்லை என்று எண்ணியிருக்கிறார்கள்.

சிலையின் முன் பழங்கள், பூ, தூபக்கலசம். கலசத்தின் இருபுறமும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

துணைவியார் என் கையைப் பற்றிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

கோயிலைக் கவனித்துக்கொள்ளும் மூதாட்டி ஒருவர் உள்ளிருந்து வந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. எங்களைப் பார்த்துச் சிரித்து, ஊதுவத்திகளை எடுத்து ஆளுக்கு மூன்றாகக் கொடுத்தார். என் சட்டைப்பையில் 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டின் படமும், குறிப்புகள் எழுதிய தாளும் இருந்தன. இவள் யார், எங்கிருந்து வந்தாள், இவளை இங்கே எழுந்தருளச் செய்தவர்கள் யார் என்பதை மகளைக் கொண்டு அந்த அம்மையாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று மலையிலிருந்து புறப்பட்ட நாளிலிருந்தே எண்ணி வந்தேன். வாயெடுத்தும்விட்டேன். துணைவியார் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார்.

"ஐந்நூறு வருஷமாக விளக்குப் போடுகிறார்கள். நாம் வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை" என்றார்.

தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அதன்பின் அவர் கைப்பையைத் திறந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். மகளிடம், "நம் ஊர்க் கோயில் சாம்பல் என்று மட்டும் சொல்" என்றார். மகள் சொன்னாள். இது என்ன, எதற்கு என்று மூதாட்டி கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. சாம்பல் என்ற சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு கைகளாலும் பொட்டலத்தை வாங்கி நெற்றியளவுக்கு உயர்த்தினார். பிறகு அம்மையின் முன் இருந்த தூபக்கலசத்தில் அறப்பளீஸ்வரரின் திருநீற்றை முழுவதும் தூவிவிட்டார். அடுத்து ஒரு சிவப்புக் காகிதத் துண்டைக் கிழித்து, அதே கலசத்திலிருந்து சாம்பலைச் சிறிது அள்ளி மடித்து, துணைவியாரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. மகளும் நானும் பேசாமல் நின்றோம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். ஷாங்காய், சூச்சோ, ஹாங்சோ ஆகியவை குழுச் சுற்றுலாக்களில் எளிதாக அமைந்துவிடும். குவான்சோவுக்குத் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். சியாமென் நகரத்துக்கு விமானத்தில் சென்றால் அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் குவான்சோ. மூன்று நாள்கள் வைத்துக்கொண்டால் ஓடாமல் பார்க்கலாம். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபிறகு வசதிகளுக்குக் குறைவில்லை. நேரம் இருப்பவர்கள் 1059ஆம் ஆண்டில் சாய் சியாங் என்ற ஆளுநர் காலத்தில் முடிந்த லுவோயாங் பாலத்தையும் காணலாம். கழிமுகத்தில் அடித்தளக் கற்கள் நழுவாமல் இருக்கச் சிப்பிகளை அவற்றின்மேல் வளரவிட்டுப் பிணைத்திருக்கிறார்கள்.

உணவைப் பற்றி அஞ்ச வேண்டாம். பௌத்தக் கோயில்களை அடுத்த சைவ உணவகங்களில் பெரும்பாலும் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் தெருவோரக் கடைகளில் 'சைவம்' என்று சைகையால் கேட்டு வாங்காதீர்கள். எங்களுக்கு அனுபவம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் லிங்யினில் மேலே ஏறாமல் கீழ்ச்சிற்பங்களை மட்டும் பார்த்துத் திரும்பலாம். எங்கள் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க முடியாமல் மேலிருந்தே கும்பிடுகிற துணைவியார், குவான்சோவில் எந்த இடத்திலும் சிரமப்படவில்லை. செதியானுக்குச் செல்கிறவர்கள் சீன மொழி தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவும். அங்கே இருப்பது காட்சிக்கூடம் அன்று, வழிபாடு நடக்கும் ஊர்க்கோயில். படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊர் திரும்பிய முதல் திங்கட்கிழமை அறப்பளீஸ்வரரைத் தரிசித்து, புதிதாகத் திருநீறு வாங்கி வந்தோம். சிவப்புக் காகிதப் பொட்டலத்தைப் பூசையறையில் வைப்பது முறைதானா, வைத்தால் எங்கே வைப்பது என்று குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன். திருநீற்று மடலின் பக்கத்தில், அம்மன் படத்துக்குக் கீழே, அந்தச் சிவப்புப் பொட்டலம் இருந்தது.